முட்டிக்குக் கீழே ஒரு தலையணை

கடத்தூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ரம்யா தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். உடம்பு திரும்பிவிட்டது. வலது கால் திரும்பவில்லை. அடுத்த நொடி தரையில் கிடந்தாள். தரையில் ஈரம் இல்லை. காலில் எதுவும் தடுக்கவும் இல்லை.

“முட்டி வுட்டுடுச்சுப்பா” என்றாள். அவள் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது.

ரம்யா எங்கள் ஒரே மகள். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சில வாரங்களுக்கு முன் அலுவலகத் தோழிகளோடு மணாலிக்குப் போய்வந்திருந்தாள். அங்கே கால் லேசாகச் சுளுக்கிக்கொண்டது என்று தொலைபேசியில் சொன்னாள். தைலம் தேய்த்து ஒத்தடம் கொடு என்றாள் அவள் அம்மா மல்லிகா. அத்தோடு நாங்கள் மறந்துவிட்டோம். விடுப்பில் ஊருக்கு வந்தவள், அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்தபடிதான் மீதியைச் சொன்னாள்.

அவர்கள் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு கால்களிலும் நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்கும் விளையாட்டு. தினமும் காலையில் பலகையை மாட்டுவதற்கு முன் பயிற்சியாளர் அவர்களை நின்ற இடத்திலேயே ஓடவைப்பாராம். பிறகு காலை முன்னும் பின்னும் வீசுவது, பாதி உட்கார்ந்து எழுவது, இடுப்பைச் சுழற்றுவது, தொடையையும் கெண்டைக்காலையும் மெதுவாக நீட்டுவது. குளிரில் இறுகிக் கிடக்கும் தசைகளைச் சூடேற்றிய பிறகுதான் சரிவுக்கு அனுப்புவார். ரம்யா அதையெல்லாம் ஒழுங்காகவே செய்திருக்கிறாள்.

கடைசி நாள் மதியம் எல்லோரும் டீக்கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்கிவிட்டது. எழுந்தபோது பயிற்சியாளர் மறுபடியும் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சொன்னார். காலையிலேயே செய்தாயிற்றே என்று சிரித்துக்கொண்டே இவர்கள் பலகையை மாட்டினார்கள். ஒரே ஒரு தடவை இறங்கிவிட்டு அறைக்குத் திரும்புவதாகத் திட்டம். பாதிச் சரிவில் வலது பலகை பனியில் சிக்கி ஒரு பக்கமாக நின்றுவிட்டது. உடம்பு மறுபக்கம் போனது. விழும்போது கழன்றுகொள்ள வேண்டிய பலகை கழலவில்லை.

“டப்புனு ஒரு சத்தம்பா. பக்கத்துல யாரோ குச்சிய ஒடைச்ச மாதிரி. அது என் முட்டின்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.”

என் அக்கா சரஸ்வதி பொம்மிடியில் இருக்கிறாள். செய்தி கேட்டு அன்றே வந்து சேர்ந்தாள். வந்தவள் முதலில் காலைப் பார்த்தாள், பிறகு ரம்யாவின் முகத்தைப் பார்த்தாள்.

“ஏன்டி கண்ணு, வழுக்கி வுழறதுக்கு மணாலி வரைக்கும் போவணுமா? ஐப்பசி மழைக்கு நம்மூட்டு வாசல்ல நின்னிருந்தா ஓசியிலயே வுழுந்திருப்பியே.”

“அடுத்த மழைக்குச் சொல்லியனுப்பறேன் அத்த. ரெண்டு பேரும் சேர்ந்தே வுழலாம்.”

மல்லிகாகூடச் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் துணைமின் நிலையத்தில் வேலை பார்ப்பவன். ஒரு லைன் ட்ரிப் ஆனால் (பழுது கண்டு தானாகவே மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டால்) காரணம் தெரியாமல் மறுபடி மின்சாரம் விடமாட்டோம். அந்தப் பழக்கம் வீட்டிலும் என்னைவிட்டுப் போவதில்லை. அன்று எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

“அந்தக் கொஞ்ச நேரம் வார்ம் அப் பண்ணியிருந்தா என்னம்மா?” என்று கேட்டேன். அதன் பிறகும் பல தடவை கேட்டேன்.

சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். எலும்பு மருத்துவர் ரம்யாவைப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, பாதத்தின் மேல் லேசாக உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளாலும் கீழ்க்காலைத் தன் பக்கம் இழுத்தார். மேசை இழுப்பறைபோல அது முன்னால் நகர்ந்து வந்தது. இடது காலையும் அப்படியே இழுத்தார். அது அசையவில்லை. இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் எனக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தபின் விவரமாகச் சொன்னார். ஏ.சி.எல். (தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் தசைநார்) முழுவதும் அறுந்திருந்தது. மெனிஸ்கஸ் (இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்து) ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. அறுந்த தசைநார் தானாக ஒட்டாது. தொடையின் பின்புறத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, அந்த இடத்தில் புதிதாகப் பொருத்த வேண்டும். ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் அறுவை) என்பதால் பெரிய தையல் இருக்காது. வீக்கம் வடிந்து, முட்டி நன்றாக மடங்கி நீள ஆரம்பித்த பிறகுதான் செய்வார்கள்.

நான் அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ரம்யா என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது.

“வார்ம் அப் பண்ணினா தசை இளகும், ரத்த ஓட்டம் கூடும், கால் நம்ம சொன்ன பேச்சைக் கேக்கும். அடிபடற வாய்ப்பு கொறையும். அதனால பண்ணித்தான் ஆகணும்” என்றார். “ஆனா பலகை ஒரு பக்கம் மாட்டிக்கிட்டு உடம்பு இன்னொரு பக்கம் திரும்பிச்சுன்னா, வார்ம் அப் பண்ணின காலும் அறுந்துபோகலாம். உங்க பொண்ணு விஷயத்துல என்னால ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாதுங்க.”

ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது மிஞ்சியிருக்கும்.

அறுவை நாளில் தியேட்டருக்கு வெளியே நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். உங்களில் பலர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பீர்கள், அல்லது உட்காரப்போகிறீர்கள். ஸ்ட்ரெச்சர் சக்கரங்களின் சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பது, அது வேறு யாரோ என்று தெரிந்ததும் உட்காருவது. மல்லிகா தன் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். மருத்துவர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, தசைநார் உறுதியாக உட்கார்ந்திருக்கிறது என்றார். கஷ்டம் முடிந்துவிட்டதாக அப்போது நம்பினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் நிறையச் சொன்னார். மாத்திரை, கட்டு, ஊன்றுகோல், பிரேஸ் (முட்டியை நேராக நிறுத்திவைக்கும் நீளமான பட்டை). இடையே, முட்டிக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள் என்றும் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். வெளியே கார் நின்றது, மருந்துக் கடையில் கூட்டம், மல்லிகாவுக்குத் தலைசுற்றல். அவர் சொன்னதில் மாத்திரை வேளைகள் மட்டுமே எங்களோடு கடத்தூர் வந்தன.

எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் அவரை அசையவிடமாட்டார்கள். தண்ணீர் டம்ளர் கைக்கு வரும். சோறு பிசைந்து வரும். கால் தரையில் பட்டால் வீடே பதறும். ரம்யாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்தார்கள். சிலர் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள். சிலர் விசிறினார்கள். அக்கா இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை இரண்டாக மடித்து முட்டிக்குக் கீழே செருகினாள்.

“கால அந்தரத்துல வுட்டா புள்ளைக்கு வலிக்காதா? பாருங்க, எப்டி தொங்கினு கெடக்குது.”

தலையணை வந்ததும் ரம்யாவின் முகம் தளர்ந்தது. லேசாக மடங்கியிருக்கும்போது அந்த முட்டிக்கு வலி குறைவு. அதைப் பார்த்த பிறகு அந்தத் தலையணையை எடுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. சித்திரை வெயில் வேறு. பிரேஸுக்குள் வியர்த்து அரிக்கிறது என்று அவள் அழுதால் மல்லிகா பட்டைகளைத் தளர்த்திவிடுவாள், சில நேரம் கழற்றியே வைத்துவிடுவாள். நான் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக, சரிந்திருக்கும் தலையணையைச் சரியாக உள்ளே தள்ளிவைப்பேன். அதைச் செய்யும்போது மகளுக்கு ஏதோ செய்கிறேன் என்ற நிறைவு இருந்தது.

ஒரு மாதத்துக்கும் மேல் அப்படிப் போனது. மறுபரிசோதனையில் மருத்துவர் ரம்யாவை நீட்டிப் படுக்கச் சொல்லிவிட்டு, முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே தன் கையை விட்டார். முழு உள்ளங்கையும் சுலபமாக நுழைந்தது. கையை எடுக்காமலே கேட்டார்.

“வீட்டுல கீழ தலையணை வெச்சீங்களா?”

ரம்யாதான் சொன்னாள். “வலிக்குதுன்னு நான்தான் கேட்டேன் சார்.” அவள் கேட்கவில்லை. நாங்கள்தான் வைத்தோம்.

முட்டிக்குள் தழும்புத் திசு வளர்ந்து, மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகத் தொடங்கியிருக்கிறது என்றார். தொடையின் முன்புறத் தசையும் வற்றியிருந்தது. வலது தொடை இடது தொடையைவிட மெலிந்து தெரிந்தது. முழுவதும் நீளாத கால் வாழ்நாளெல்லாம் நொண்டும், பிறகு மற்ற மூட்டுகளும் தேயும். அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால், மறுபடி மயக்க மருந்து கொடுத்து உள்ளே இருக்கும் தழும்பை நீக்க வேண்டியிருக்கும்.

“திரும்பவும் அறுக்கறதா சார்?” என்றாள் மல்லிகா.

“அது வேண்டாம்னுதாம்மா இப்பச் சொல்றேன். ஒழுங்கா ஃபிசியோ பண்ணுங்க. பாப்போம்.”

தருமபுரியில் சகாயமேரி என்ற இயன்முறை மருத்துவரிடம் (மருந்தில்லாமல் பயிற்சியாலும் தொடுகையாலும் மூட்டுகளையும் தசைகளையும் சரிசெய்பவர்) போகச் சொன்னார்கள். முப்பது வயது இருக்கும். கலகலப்பாகப் பேசுவார், ஆனால் கை பிடிவாதமானது. முதல் நாளே தலையணையை முட்டிக்குக் கீழிருந்து எடுத்துக் குதிகாலுக்குக் கீழே வைத்தார். இப்போது முட்டிதான் அந்தரத்தில் நின்றது. தன் எடையாலேயே அது கீழே இறங்க வேண்டும். ரம்யா பல்லைக் கடித்தாள்.

“பனியில போறதுக்கு முன்னாடி என்ன பண்ணுனீங்க, ஞாபகமிருக்கா? அதேதான் இங்கயும். மொதல்ல சூடு, அப்புறம் அசைவு, அப்புறந்தான் நீட்டறது. குளுந்த தசைய இழுத்தா அது பயந்துனு இன்னும் சுருட்டிக்கும்.”

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தொடையின் பின்புறத்தில் சுற்றவேண்டும். பிறகு குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே மடக்கி நீட்ட வேண்டும். கால் இளகியதும் குதிகாலை உயர்த்தி வைத்து, வீட்டில் ஒருவர் முட்டிக்கு மேலே கையை வைக்க வேண்டும்.

“அமுக்கக் கூடாதுங்க. கையோட எடை மட்டும். அவங்க அழுதாலும் எடுக்கக் கூடாது, அழலேன்னு கூட்டவும் கூடாது” என்றார்.

மல்லிகாதான் முதலில் செய்தாள். ரம்யா முனகியதுமே கையை எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு, “என்னால ஆவாதுங்க, நீங்களே பாருங்க” என்று சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது.

ரம்யா பெரியவளான பிறகு அவள் காலை நான் தொட்டதே இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்த விதி கிடையாது. எங்கள் பக்கத்து அப்பாக்கள் அப்படித்தான் இருக்கிறோம். ஊருக்குக் கிளம்பும்போது தலையில் கை வைப்போம். காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். அதற்கு மேல் மகளின் உடம்பு அம்மாவின் பொறுப்பு. நான் கட்டில் அருகே நின்றுகொண்டே இருந்தேன். கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை.

“வைங்கப்பா. ஒண்ணும் கடிக்காது” என்றாள் ரம்யா. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் முட்டி என் உள்ளங்கைக்குள் அடங்கியது. தோல் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று ரப்பர்போல என்னை எதிர்த்து மேலே தள்ளியது.

கையை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதில் ஒரு சிக்கல் வந்தது. நான் எண்ணினால், வேண்டுமென்றே மெதுவாக எண்ணுகிறேன் என்றாள். அவள் எண்ணினால் எண்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடின. கடைசியில் ரயில் நிலையங்களைச் சொல்வதென்று முடிவானது. கல்லூரிக் காலத்தில் அவள் தினமும் சேலத்துக்கு ரயிலில் போய்வந்தவள். மொரப்பூரில் கையை வைக்க வேண்டும், சேலம் வந்ததும் எடுக்க வேண்டும்.

“மொரப்பூர்... பொம்மிடி... ஆ, அப்பா... டேனிஷ்பேட்டை...”

“லோக்கூர் எங்க?”

“எக்ஸ்பிரஸ்பா. லோக்கூர்ல நிக்காது.”

“இது பாசஞ்சர். எல்லா ஊர்லயும் நிக்கும்.”

“டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க, நான் எறங்கிக்கிறேன்.” சிரித்தபடியே அழுதாள். தெருவில் போனவர்கள் அவள் அலறலைக் கேட்டு மல்லிகாவிடம் விசாரித்தார்கள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவையே தட்டிவிட்டார்.

மெதுவாக முட்டி இறங்கத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் முந்தின நாள் மாலை விட்ட இடத்தில் அது இருக்காது. தூக்கத்தில் திரும்பவும் சுருங்கிக்கொள்ளும். நேற்று பெற்றதில் பாதியை இழந்துவிட்டுத்தான் இன்று ஆரம்பிப்போம். இதை எழுதுவதற்கு ஒரு காரணம் அதுதான். காலையில் பார்த்துவிட்டு, ஒன்றுமே முன்னேறவில்லை என்று உடைந்துபோகாதீர்கள். சகாயமேரி எங்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லியிருந்தும் நான் தினமும் காலையில் உடைந்துபோனேன்.

மறுபரிசோதனை நாள் நெருங்கியது. இன்னும் என் விரல்கள் முட்டிக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தன. இதற்கிடையே அக்கா மல்லிகாவிடம் மெல்லிய குரலில், “கால் இப்டியே நின்னுட்டா நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு என்னான்னு சொல்றது?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. ரம்யாவின் காதிலும் விழுந்திருக்கும். அன்று பயிற்சியின்போது எந்த ஊரின் பெயரையும் அவள் விடவில்லை, லோக்கூரைக்கூட.

மறுநாள் காலை, ஒரு டிரான்ஸ்பார்மர் பழுதாகி எனக்கு அவசர அழைப்பு வந்தது. வெளியே சக ஊழியர் பைக்கில் காத்திருந்தார். வெந்நீர் இன்னும் காயவில்லை. மாலைவரை தள்ளிவைக்க எனக்கு மனமில்லை. ஒரு வேளை தவறினாலும் அந்த முட்டி நின்றுவிடும் என்ற பயம். குதிகாலைத் தலையணைமேல் தூக்கி வைத்தேன். துண்டு சுற்றவில்லை, மடக்கி நீட்டவில்லை. நேராகக் கையை வைத்தேன். அவசரத்தில் கையின் எடையோடு என் எடையும் கொஞ்சம் சேர்ந்துவிட்டது.

ரம்யா எந்த ஊரையும் சொல்லவில்லை. ஒரே சத்தம். நான் கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். மல்லிகா ஓடிவந்தாள். பைக்கில் காத்திருந்தவர்கூட வாசல் வரை வந்துவிட்டார்.

வலி கொஞ்சம் அடங்கியதும் ரம்யா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போலக் கேட்டாள்.

“வார்ம் அப் பண்ணலையாப்பா?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று முழுவதும் என் உள்ளங்கையில் அந்த முட்டியின் எதிர்ப்பு இருந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவைதானே என்று நானும் நினைத்திருக்கிறேன். காத்திருப்பவர்களுக்காக நானும் அவசரப்பட்டிருக்கிறேன். மணாலியில் என்ன நடந்தது என்று அதன் பிறகு நான் அவளிடம் கேட்டதில்லை.

மாலைக்குள் முட்டி வீங்கிவிட்டது. தசைநாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சகாயமேரி பார்த்துச் சொன்னார். அதைச் சொல்லும்வரை நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீக்கம் வடியும்வரை நீட்டும் பயிற்சி கூடாது, பனிக்கட்டி ஒத்தடம் மட்டும் என்றார். என்னைத் தனியே கூப்பிட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“பயத்துல அமுக்குனீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாங்க.”

“அது முட்டிக்குத் தெரியும் சார்” என்றார்.

அந்த வாரம் எங்கள் கையில் செய்ய எதுவும் இல்லை. அதுதான் இருந்ததிலேயே கடினமான வாரம். நாள்கள் கழிவது கண்ணுக்குத் தெரிந்தது; முட்டி மட்டும் அசையாமல் கிடந்தது. மறுபடி ஆரம்பித்தபோது வெந்நீரை நானே காயவைத்தேன். துண்டு ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் தானாகக் காலை அசைக்கத் தொடங்கும்வரை காத்திருந்தேன். சில நாள்களில் என் வேலைக்கு நேரமாகிவிடும். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு அரை நாள் விடுப்பு எடுத்தேன். அவசரமாக ஒரு தடவை செய்வதைவிடச் செய்யாமல் விடுவது மேல் என்று தெரிந்திருந்தது.

சேலத்தில் மறுபரிசோதனை. மருத்துவர் முட்டிக்கு அடியில் கையை விட்டார். விரல்களின் நுனி மட்டும் நுழைந்தது. முட்டியை அசைத்தார், குதிகாலைத் தூக்கிப் பார்த்தார், இடது காலோடு ஒப்பிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் ஏதோ எழுதினார். அந்த நேரத்தில் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் முன்னால் அவள் அப்படிச் செய்பவள் இல்லை.

“இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்” என்றார். “முழுசா நீளலை. கடைசி கொஞ்சம் பாக்கி இருக்கு. அது வந்தாலும் வரும், வராமலும் போகலாம். விடாம பண்ணுங்க.”

மல்லிகா அங்கேயே அழுதுவிட்டாள். ரம்யா, “அந்தக் கடைசி கொஞ்சம் வராட்டி ஓட முடியுமா சார்?” என்று கேட்டாள். “நடக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது. ஓடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார். மறுபடி பனிக்குப் போக முடியுமா என்று அவள் கேட்க நினைத்ததும், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டதும் எனக்குத் தெரியும்.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள். நடையில் வித்தியாசம் தெரியாது. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது மட்டும் முதல் சில அடிகள் யோசித்து வைக்கிறாள். உங்கள் வீட்டில் யாராவது இதே நிலையில் இருந்தால், எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் எழுத முடியவில்லை. வலியைக் குறைப்பது எப்போதும் உதவி செய்வதாகாது என்று மட்டும் எழுத முடியும். அதைச் சொல்பவர்களின் பேச்சை, கார் காத்திருந்தாலும், நின்று முழுவதுமாகக் கேளுங்கள்.

எனக்குள்ளும் சில மாற்றங்கள் வந்துவிட்டன. பேருந்து நிலையத்தில் மனிதர்களின் முகத்துக்கு முன் அவர்கள் முட்டிகளைப் பார்க்கிறேன். ஐம்பது வருடமாக யோசிக்காமல் தரையில் உட்கார்ந்து எழுந்தவன், இப்போது எழும்போது உள்ளே என்னென்ன இழுபடுகிறது என்று கவனிக்கிறேன். உடம்பு என்பது பூட்டிய வீடுபோல ஒரே இடத்தில் இருக்கும் பொருள் என்று நம்பியிருந்தேன். அது ஒவ்வொரு காலையும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இந்தத் தை மாதம் பாப்பிரெட்டிப்பட்டியில் மல்லிகாவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ரம்யா முந்தின நாளே வந்துவிட்டாள். காலையில் நல்ல மூடுபனி. வாடகைக் கார் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பட்டுப்புடவையில் அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க அவ?”

“உள்ளார குனிஞ்சு நிமிந்துனு இருக்கா” என்றாள் மல்லிகா.

“கல்யாணத்துக்குப் போறமா, கபடி ஆடப் போறமா? தாலி கட்டி, பந்தியே முடிஞ்சிரும் போல.”

டிரைவர் ஹாரன் அடித்தார். முன்பெல்லாம் இந்த வீட்டில் முதலில் கத்துபவன் நான்தான்.

“இஞ்சினை அணைச்சிருங்க தம்பி. இன்னும் நேரமாவும்” என்றேன்.

வண்டி அணைந்ததும் தெரு அமைதியானது. ஜன்னல் வழியாக ரம்யா தெரிந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பாதி உட்கார்ந்து பாதி எழுந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை எழும்போது முட்டியிலிருந்து கடக் என்று ஒரு சத்தம் வந்தது. வலி இல்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ரம்யா நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தாள். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

காரிலிருந்து அக்கா மணி என்ன என்று கேட்டாள். ரம்யா கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கினாள். அவள் எழுந்து நிற்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.